பதினேழாவது வரி

பெட்டி அடுக்குவதில் என்னை மிஞ்ச எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. இப்போது வீட்டிலேயே ஆள் கிடையாது, அது வேறு விஷயம். விமானத்தில் ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ என்றால் நான் இருபத்து இரண்டு கிலோ எண்ணூறில் நிறுத்துவேன். தொங்கு தராசு பெயருக்குத்தான். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாலே என் தோளுக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தது யார், எதற்காக. "சுருக்கமா எழுதிக் குடுங்க" என்றீர்கள். சுருக்கமாக எழுதினால் நான் பொல்லாதவளாகத் தெரிவேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன். இந்த அறை வசதியாகத்தான் இருக்கிறது. மேசைக்கு ஒரு கால் குட்டை. காகிதத்தை மடித்து அண்டக் கொடுத்திருக்கிறேன். அது உங்கள் படிவங்களில் ஒன்று, மன்னிக்கவும்.

அக்கா கடலுக்கடியில் உயிரினங்களைப் படம் எடுப்பவள். எனக்கு நான்கு வயது மூத்தவள். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பயணத்துக்கு அவளுடைய துணை ஆள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். "ஒரு வாரம் லீவு போட்டுட்டு வாடி" என்றாள். அந்த ஒரு வாரம் பதினொரு வருஷம் ஆனது.

பெட்டி அடுக்குவது, கேமராவைத் தண்ணீர் புகாமல் காக்கும் கூட்டின் ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவுவது, பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடுவது எல்லாம் என் வேலை. பிறகு அக்காவோடு கடலில் இறங்கி, அவளுக்கு இடது பக்கம் ஒரு கை தூரத்தில் விளக்கு பிடிக்க வேண்டும். சம்பளம் என்று ஒன்று இல்லை. திட்டு உண்டு, அது தவறாமல் வந்துவிடும்.

அக்கா நல்லவள் என்று எல்லாரும் சொல்வார்கள். நல்லவள்தான், மற்றவர்களிடம். படகோட்டிகளின் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தருவாள். அடிபட்ட கடல்பறவைக்காகப் பயணத்தையே இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். என்னிடம் வரும்போது மட்டும் அந்த நல்லதனம் தீர்ந்துபோயிருக்கும். காலையில் எழுந்ததும் தொடங்குவாள். நான் பல் துலக்கும் சத்தம் ஆகாது, நடக்கும் சத்தம் ஆகாது, ஒரு நாள் நான் சும்மா உட்கார்ந்திருக்கும் விதம்கூட ஆகவில்லை. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்பார்கள். எங்கள் வீட்டில் எருதும் முடவனும் ஒரே ஆள்.

என்னை அவள் 'சோடா' என்றுதான் கூப்பிடுவாள். ஸ்கூபா மாட்டி இறங்கியவர்கள் மூச்சு விட்டால் வாயிலிருந்து குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு மேலே போகும். அக்காவுக்கும் போகும்தான். ஆனால் எனக்கு அதிகமாகப் போவதாக அவள் முடிவு கட்டிவிட்டாள். "நீ ஒரு பாட்டில் சோடாடி. தொறந்தா நுரைதான்" என்று ஒரு முறை படகில் சொன்னாள். அன்றிலிருந்து போகிற ஊரெல்லாம் நான் சோடாதான். சிரிப்பு மூட்டும் பெயர்தான், எனக்கே முதல் நாள் சிரிப்பு வந்தது.

இப்போது முக்கியமான ஒன்றை எழுதுகிறேன். தண்ணீருக்கடியில் அக்காவால் பேச முடியாது.

வாயில் குழாய். கண்ணை மாஸ்க் மூடியிருக்கும். கை மட்டும்தான் பேசும். எங்களுக்குள் இருபது முப்பது சைகைகள் உண்டு. அவற்றில் சில உலகத்துக்கே தெரிந்தவை, சில எங்களுடையவை. இடது கையை நீட்டி விரல்களை இரண்டு முறை மடக்கினால் 'பக்கத்தில் வா' என்று அர்த்தம். நான் விளக்கோடு நெருங்குவேன். அவள் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவே மாட்டாள், நான் இருப்பேன் என்று தெரியும். ஐம்பது நிமிஷம் ஒரு சுடுசொல் இல்லாமல் ஓடும். உலகத்தில் நாங்கள் சண்டை போடாத இடம் அது ஒன்றுதான். மேலே வந்து முதல் மூச்சு இழுத்ததும் மறுபடி ஆரம்பிப்பாள். அது பரவாயில்லை. அடுத்த முறை இறங்குவோமே என்று இருப்பேன்.

இந்தப் பதினொரு வருஷத்தில் லட்சம் படமாவது எடுத்திருப்பாள். ஒன்றில்கூட நான் கிடையாது. என் காலில் மாட்டிய ஃபின் துடுப்பின் நுனி ஓரத்தில் விழுந்தால் அதை வெட்டிவிட்டுத்தான் சேமிப்பாள்.

போன வருஷக் கடைசியில் கணவாய் மீன்களுக்குப் பின்னால் அலைந்தாள். ஜோடி சேரும் நேரத்தில் கணவாய் உடம்பெல்லாம் நிறம் ஓடும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கிட்டே போனால் நழுவிவிடும். நான்கு பயணம் போயும் படம் கிடைக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"இனிமே குமிழியே கிடையாது. ரீப்ரீதர் வாங்கப்போறேன்."

விட்ட மூச்சை வெளியே விடாமல், அதிலுள்ள கெட்ட காற்றை ஒரு தூளால் உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் ஆக்சிஜன் சேர்த்துத் திரும்பவும் மூச்சுக்குத் தரும் கருவி அது. குமிழி கிடையாது, சத்தமும் கிடையாது. பிராணிகள் நம்மைக் கல் என்று நினைத்துக்கொள்ளும்.

"எனக்கும் ஒண்ணா?" என்று கேட்டேன்.

"உனக்கெதுக்கு? நீ படகுல உக்காந்துக்கோ."

"அப்ப நான் வர வேண்டாமா?"

"வரணும்டி. நீ வரலேன்னா உன்னோட இருபத்து மூணு கிலோவை யார் குடுப்பா?"

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னாள். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பெட்டி. இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு பெட்டி. பிறகு இதையும் சொன்னாள்: "எதை வாங்கணும்னு நீயே பாத்துச் சொல்லு. தூக்கப்போறவ நீதானே."

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். என் இடத்துக்கு வரப்போகிற இயந்திரத்தை என்னையே பொறுக்கச் சொன்னாள். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்வது என் சுபாவம்.

மூன்று வாரம் படித்தேன், குறிப்பு எடுத்தேன். கடைக்குப் போனபோது பட்டியல் மூன்றாகச் சுருங்கியிருந்தது. கடைக்காரருக்கு ஒரு காது கேட்காது. கடலில் ஆழத்துக்கு இறங்கியபோது போனது என்றார். அவர் மூன்றையும் மேசையில் எடுத்துவைத்தார். நான் மனசுக்குள் அவற்றுக்குப் பெயர் வைத்தேன்: எருமை, கழுதை, பூனை.

எருமை முதுகில் மாட்டுவது. முப்பத்து நான்கு கிலோ. ஏதாவது கோளாறு என்றால் கத்தும், அதிரும், விளக்கும் எரியும். நல்ல கருவி. ஆனால் அதை ஏற்றினால் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பறக்க வேண்டும். கழுதை இருபத்து நான்கு. அதற்கு வாயில் கடிக்கும் குழாயிலேயே அதிர்வு வரும். "பல்லுக்கே தெரியும்மா, தூங்கறவன்கூட எழுந்துடுவான்" என்றார் கடைக்காரர். பூனை மார்பில் மாட்டுவது. சிலிண்டர் இல்லாமல் பதினொரு கிலோ. சிலிண்டரைப் போகிற இடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், எந்தக் கடற்கரையிலும் கிடைக்கிற சின்ன அளவுதான். கழற்றினால் கைப்பெட்டிக்குள் அடங்கும். சத்தம், அதிர்வு இரண்டும் இல்லை. மாஸ்க் ஓரத்தில் பயறு அளவு ஒரு விளக்கு மட்டும். பச்சை என்றால் நலம். சிவப்பு சிமிட்டினால் உடனே மாற்றுக் காற்றுக்குப் போக வேண்டும். மணிக்கட்டில் ஒரு சின்னத் திரையும் உண்டு, அங்கே அளவைப் பார்க்கலாம்.

அக்கா யாரோடோ போனில் பேச வெளியே போனாள். கடைக்காரர் கேட்கும் காதை என் பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அக்காவுக்கு ரெண்டு கையிலயும் கேமரா இருக்கும். மணிக்கட்டைப் பாக்க மாட்டாங்க. இதுல அந்த விளக்கு ஒண்ணுதான் காவல். அது எப்பவும் கண்ணுல படற மாதிரி பாத்துக்கோங்க."

தலையாட்டினேன். அவர் தந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ஒரு சொல் பிசகில்லை. நேர்மையான மனிதர், அவருக்கு இதில் எந்தத் தொந்தரவும் வரக்கூடாது.

அக்கா திரும்பி வந்து "என்னவாம்?" என்றாள்.

"எடை ரொம்பக் கம்மின்னு சொல்றார்" என்றேன். அதையும் அவர் சொல்லியிருந்தார்.

அன்று வீட்டில் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டுத் தந்தேன். எடை, பெட்டி அளவு, பேட்டரி விமானத்தில் கொண்டுபோகத் தக்கதா, உதிரி பாகம் கிடைக்குமா, எல்லாம் இருந்தது. எச்சரிக்கை முறை என்ற கட்டத்தில் பூனைக்கு நேராக இப்படி எழுதினேன்: 'சத்தம் இல்லை. அதிர்வு இல்லை. பிராணிகளுக்குத் தொந்தரவு இல்லை.' அட்டவணை இப்போது உங்களிடம் இருக்கிறது. அதில் பொய் ஒன்று காட்டுங்கள், மிச்சத்தை எழுதாமல் விட்டுவிடுகிறேன்.

அக்காவின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒளிரும் பொட்டு எதுவும் அவளுக்கு ஆகாது. விளக்கு சிமிட்டினால் கேமராவின் கண்ணாடியில் அதன் பிம்பம் விழும், பிராணி மிரளும் என்பாள். கேமரா, ஃபிளாஷ் எதிலும் இருக்கிற சின்ன விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிடுவாள். பழக்கம் முற்றிப்போய் வீட்டில் தொலைக்காட்சி, குளிர்பெட்டி, சார்ஜர் எல்லாவற்றுக்கும் கறுப்புப் பொட்டுதான். விடுதி அறைகளில் கூரையில் இருக்கும் புகைக் கருவியின் விளக்கைக்கூட நாற்காலி போட்டு ஏறி ஒட்டிவிட்டுத்தான் படுப்பாள். நாற்காலியைப் பிடித்துக்கொள்வது நான்.

ஆக, பூனையை வாங்கினால் அதன் ஒரே கண்ணில் அக்கா என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியும். நான் ஒட்டச் சொல்லவில்லை. ஒட்டாதே என்றும் சொல்லவில்லை. பதினொரு வருஷத்தில் அவள் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. திடீரென்று சொன்னால்தான் சந்தேகப்பட்டிருப்பாள்.

பயிற்சி பத்து நாள். குச்சி மாதிரி ஒல்லியான பயிற்சியாளர். முதல் நாளே ஒரு அட்டையைக் கொடுத்தார். இறங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டிய இருபத்து இரண்டு வரிகள். அவர்கள் தொழிலில் அதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். கருவி மாட்டியவர் அந்தப் பாகத்தைக் கையால் தொட்டு, செய்ய வேண்டியதைச் செய்து, 'சரி' என்று சொல்ல வேண்டும்.

"படிக்கறவங்க அட்டையைப் பாருங்க. மாட்டறவங்க கருவியைப் பாருங்க. ரெண்டு பேரும் ஒரே இடத்தைப் பாக்கக் கூடாது" என்றார். பதினேழாவது வரி ஆக்சிஜன் வால்வு. ஒவ்வொரு முறை மேலே வந்ததும் அதை மூடிவிட வேண்டும். அடுத்த முறை அந்த வரியைப் படிக்கும்போது திறக்க வேண்டும். கடைசி வரி, கண் மணிக்கட்டுத் திரையில் இருக்க, ஐந்து நிமிஷம் படகிலேயே உட்கார்ந்து மூச்சு விட்டுப் பார்ப்பது.

"தப்பா ஆக்சிஜன் கொறைஞ்சா எப்படித் தெரியும்?" என்று நான்தான் கேட்டேன்.

"தெரியாதும்மா. அதான் ஆபத்தே. கெட்ட காத்தை அந்தத் தூள் எடுத்துடுது, அதனால மூச்சு முட்டாது. சுகமா இருக்கும். அப்படியே கண்ணு சொருகிடும்."

அக்கா அப்போது லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாளே அவளுக்கு அட்டை அலுத்துவிட்டது. "நீ யோசிக்க வேண்டாம் சோடா. படி, போதும். நான் கையால செஞ்சுடுவேன்." அப்படித்தான் ஆனது. அவள் கண் கேமராவில் இருக்கும், கை மட்டும் என் குரலுக்குப் போய்வரும். நான் சொன்னதைத் தொடும், சொல்லாததைத் தொடாது. ஐந்து நிமிஷம் இரண்டு நிமிஷமாகச் சுருங்கியது. பயிற்சியாளர் இருந்தால் ஐந்து, இல்லாவிட்டால் இரண்டு.

பயிற்சி முடிந்த பிறகு நீச்சல் குளத்தில் நாங்கள் இருவர் மட்டும் பழகிய நாட்களில், ஒரு முறை ஒன்பதாவது வரியை விட்டுவிட்டுப் படித்தேன். ஒன்பது, ஃபின் பட்டை. அதனால் யாருக்கும் ஆபத்து இல்லை. அக்கா எட்டுக்குச் சரி சொன்னாள், பத்துக்குச் சரி சொன்னாள், குதித்தாள். வலது ஃபின் கழன்று தனியாக மிதந்தது.

"ஒன்பது படிச்சியா?" என்றாள்.

"படிச்சேனே."

அக்காவிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவள் ஃபின் செய்தவனைத் திட்டத் தொடங்கிவிட்டதால் அந்தப் பொய்கூட வீண். இதை நீங்கள் ஒத்திகை என்பீர்கள். எனக்கு அது பாதுகாப்புச் சோதனையாகத்தான் பட்டது. அக்கா எவ்வளவு கவனக்குறைவாக இருக்கிறாள் பாருங்கள் என்று பயிற்சியாளரிடம் சொல்லத்தான் நினைத்தேன். சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்து நாள் போய்விட்டது.

பயணத்துக்கு முந்திய நாள் மாலை ஹாலில் பெட்டிகளைத் திறந்து வைத்திருந்தேன். முதல் பெட்டி இருபத்து இரண்டு எண்ணூறு. என் பெயரில் போகும் பெட்டியும் அப்படியே. அதில் என்னுடையது என்று இரண்டு மாற்றுடை, ஒரு சீப்பு, பல் தூரிகை, ஓரத்தில் என் மாஸ்க். அக்கா வந்து குனிந்து பார்த்தாள்.

"இதெதுக்கு?"

"சும்மா. கரையோரமா மிதந்து பாக்கலாம்னு..."

"நானூறு கிராம்டி."

மாஸ்க்கை எடுத்து சோபாவில் போட்டாள். அந்த இடத்தில் ஃபிளாஷ் மாட்டும் கைப்பிடி ஒன்றை வைத்து மூடினாள். வீட்டைச் சோதனை போட்டபோது நீங்கள் பார்த்திருப்பீர்கள், மாஸ்க் இன்னும் சோபாவிலேயே கிடக்கும். அக்கா போட்ட இடத்திலிருந்து நான் அதை எடுக்கவில்லை.

அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. பெட்டியைத் திரும்பத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே கைக்கு முதலில் படும்படி, புது டேப் சுருள் ஒன்றை வைத்தேன். பக்கத்தில் பயறு அளவு விளக்குக்குப் பொருந்தும்படி இரண்டு துண்டுகள் கத்தரித்து, பிளாஸ்டிக் தாளில் ஒட்டி வைத்தேன். கத்தரிக்கோல் பிடிக்க அக்காவுக்குப் பொறுமை கிடையாது. முனைகளை வட்டமாக வெட்டியிருந்தேன், அப்போதுதான் தண்ணீரில் உரியாது. யாரோ கவனமாக வெட்டியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. என் வேலையை யாரும் அப்படிக் கவனித்துச் சொன்னதில்லை.

கடலில் முதல் இரண்டு நாள் இருபத்து இரண்டு வரிகளையும் படித்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வெட்டி வைத்த துண்டுகளில் ஒன்றை முதல் நாளே எடுத்து மாஸ்க் விளக்கின் மேல் ஒட்டிவிட்டுத்தான் அக்கா இறங்கினாள், நான் படகில் உட்கார்ந்தேன். ஸ்கூபா ஆட்கள் இறங்கினால் குமிழி எங்கே வருகிறதோ அங்கே ஆள் இருக்கிறார் என்று படகோட்டிக்குத் தெரியும். குமிழி நின்றால் அவர் கவலைப்படுவார். முதலிலிருந்தே குமிழி இல்லாத ஆளை என்ன செய்வது?

"அந்தம்மா இருக்காங்களா இல்லையான்னே தெரியலையே" என்று அவர் கயிற்றில் முடிச்சு போட்டுக்கொண்டே புலம்பினார்.

"அதுதான் இந்த மெஷினோட விசேஷம்" என்றேன்.

இரண்டாம் நாள் அக்கா மேலே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. கணவாய்கள் ஒரு சாண் தூரத்தில் நின்று காட்டினவாம். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. படகோட்டியிடம் கேமராத் திரையைக் காட்டினாள். எனக்குக் காட்டவில்லை. பிறகு அவர் காதுபடவே என்னிடம் சொன்னாள்: "பதினோரு வருஷமா இந்தப் படத்தைக் கெடுத்தது யாருன்னு இப்பப் புரியுதா சோடா? நீ எறங்கலேன்னா கடலே எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா?"

தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் இறங்க வேண்டுமே.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி. வெயில் நன்றாக இருந்தது. அக்கா படகின் விளிம்பில் உட்கார்ந்து கேமராக் கண்ணாடியைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். நான் அட்டையை எடுத்தேன். பதினைந்து படித்தேன், "சரி" என்றாள். பதினாறு படித்தேன், "சரி." பதினெட்டு படித்தேன்.

"சரி" என்றாள்.

அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தினேன். அவள் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்திருந்தால் நான் பதினேழையும் படித்திருப்பேன் என்று நினைக்கிறேன். பார்க்கவில்லை. "ம், படிடி" என்றாள். படித்தேன். இரண்டு நிமிஷம் மூச்சு விட்டுப் பார்த்தாள். அந்த நேரமும் கண் கேமராவில்தான். கருவியின் மூச்சுப் பைகளிலும் குழாயிலும் மிச்சம் இருந்த காற்று அதற்குப் போதும். டேப்புக்கு அடியில் சிவப்பு எப்போது சிமிட்டத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

அவள் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். தண்ணீர் ஒரு முறை விரிந்து மூடிக்கொண்டது. ஒரு குமிழிகூட இல்லை. நான் பிஸ்கட் சாப்பிட்டேன், படகோட்டிக்கும் இரண்டு கொடுத்தேன். நாற்பது நிமிஷத்தில் அவர் எழுந்து நின்று பார்க்கத் தொடங்கினார். "அது மூணு மணி நேரம் ஓடற மெஷின்ணே" என்றேன். அதுவும் உண்மை. ஒன்றே முக்கால் மணி நேரம் போன பிறகுதான் அவர் என் பேச்சைக் கேட்காமல் மற்ற படகுகளைக் கூப்பிட்டார்.

எல்லாரும் விபத்து என்றார்கள். அக்காவே வால்வைத் திறக்க மறந்திருக்கிறாள், அக்காவே விளக்கை மறைத்திருக்கிறாள். தண்டச்சோறு தங்கை பாவம் என்ன செய்வாள் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. நீங்களும் அப்படியே விட்டிருப்பீர்கள். ஆனால் படகோட்டிக்கு எண்ணும் பழக்கம் உண்டு. முடிச்சுப் போடுகிறவர், கை ஓயாது. நான் படிப்பது அவருக்குப் புரியாவிட்டாலும் அக்கா சொன்ன சரிகளை எண்ணியிருக்கிறார். முதல் நாள் இருபத்து இரண்டு, இரண்டாம் நாள் இருபத்து இரண்டு, மூன்றாம் நாள் இருபத்து ஒன்று. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய எண்ணிக்கை சரி. பதினேழாவது வரியை நான் படிக்கவில்லை. மறந்துபோகவில்லை, படிக்கவில்லை. பூனையைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். கடையில் கடைக்காரர் என் பக்கம் காதைத் திருப்பிய நிமிஷமே எனக்கு எல்லாம் அடுக்கி வைத்தாற்போல் தெரிந்துவிட்டது. எதை எங்கே வைத்தால் எது அடங்கும் என்று பார்ப்பதுதான் என் தொழில். நான் அக்காவைக் கொன்றேன். எழுதிவிட்டேன், போதுமா?

இன்னும் ஒன்று. அது உங்களுக்குத் தேவைப்படாது, எனக்குத் தேவை.

நேற்று கணினியில் அக்காவின் கேமராவில் இருந்த அறுபத்தொரு படங்களைக் காட்டினீர்கள். அறுபது கணவாய்கள். அழகான படங்கள், ஒத்துக்கொள்கிறேன். கடைசிப் படம் கலங்கல். சட்டகத்தின் ஓரத்தில் அக்காவின் இடது கை நீண்டிருக்கிறது. விரல்கள் பாதி மடங்கியிருக்கின்றன. கைக்கு அப்பால் வெறும் நீலம். "இது ஒண்ணுமில்ல, நினைவு தப்பும்போது தசை இழுத்திருக்கு, வலது கை பட்டனை அழுத்தியிருக்குன்னு டாக்டர் சொல்றார்" என்றீர்கள். டாக்டர் படித்தவர். ஆனால் அவருக்கு எங்கள் சைகை தெரியாது.

இடது கை. விரல் மடங்குகிறது. ஒரு முறை மடக்கி நீட்டி, இரண்டாவது முறை மடக்கும்போது எடுத்த படம் அது. பக்கத்தில் வா என்கிறாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு மேலே போகத் தோன்றவில்லை, மணிக்கட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. நான் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா இல்லை. நான் இல்லாத கடல்தான் அழகு என்றவள், மறுநாளே என்னைக் கூப்பிட்டாள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி இருந்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் படம் வழக்குக்கான சாட்சியம், இப்போது தர முடியாது என்று எனக்குத் தெரியும். அவசரமில்லை, எல்லாம் முடிந்த பிறகு ஒரு பிரதி போட்டுக் கொடுத்தால் போதும். ஓரத்தை வெட்டிவிடாமல் முழுசாக வேண்டும். அக்கா எடுத்த லட்சம் படங்களில் நான் இருப்பது அது ஒன்றில்தான்.